பெட்டரி மாற்றியும் பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா? மோட்டார் சைக்கிளின் மின்சாரப் பாதை: ஒரு விளக்கம்

கொழும்பு வீதிகளில் இப்போது இரண்டு தலைமுறை மோட்டார் சைக்கிள்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் கதவு மறுபடி திறந்தது. இடையில் இருந்த ஐந்து வருடமும், நாட்டில் இருந்த பைக்குகளே கை மாறி, வயர் மாறி, பஞ்சிகாவத்தையில் கிடைத்த பாகங்களைக் கொண்டு ஓடின. அதே காலத்தில் இந்தியாவில் பைக்கின் உள்ளமைப்பே மாறிவிட்டது. அங்கே 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி வந்ததும் கார்புரேட்டர் போய், எரிபொருளைக் கணினி கட்டுப்படுத்தும் முறை வந்தது. நம் கராஜ்களில் இருப்பதோ பெரும்பாலும் அதற்கு முந்திய வண்டிகளில் பழகிய கை.

அதனால் இரண்டு கேள்விகள் ஓயாமல் கேட்கப்படுகின்றன. "புது பெட்டரி போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை, செல்ஃப் எடுக்கவில்லை, ஏன்?" என்பது ஒன்று. "பியூஸ் அடிக்கடி போகிறது, கொஞ்சம் பெரிய பியூஸ் போடலாமா?" என்பது மற்றது. பார்த்தால் இரண்டும் ஒரே கேள்விதான். பெட்டரியும் பியூஸும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கின்றன, சட்டென்று கழற்றி மாற்றலாம். ஆகவே பழி அவற்றின் மேல் விழுகிறது. பிழை அநேகமாக அவற்றுக்கு முன்னாலோ பின்னாலோ உட்கார்ந்திருக்கும்.

முதலில் சில சொற்கள்

வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். அம்பியர் என்பது ஓடும் அளவு. இரண்டையும் பெருக்கினால் வாட், அதாவது நடக்கும் வேலை. 12 வோல்ட் பைக்கில் 35 வாட் ஹெட்லைட் எரிந்தால் ஏறத்தாழ 3 அம்பியர் ஓடுகிறது. ஓட்டத்தைத் தடுக்கும் அளவு ஓம்.

இன்னொன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். வயரில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஓட்டம் மூன்று மடங்கானால் சூடு ஒன்பது மடங்கு. பியூஸ் பற்றிய வாதமெல்லாம் இந்த ஒன்பதில்தான் நிற்கிறது.

மின்சாரம் எங்கே பிறக்கிறது?

பெட்டரியில் என்று பலர் நினைக்கிறார்கள். பெட்டரி சேமிப்புப் புத்தகம் மாதிரி. சம்பளம் வருவது வேறு இடத்திலிருந்து.

1. மெக்னட் கொயில்: எஞ்சினின் பக்க மூடிக்குள் காந்தம் பதித்த சக்கரம் ஒன்று சுழலும். அதன் நடுவே அசையாமல் இருக்கும் செம்புச் சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. அது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். பாடசாலையில் ஆடலோட்டம் என்று படித்தது இதைத்தான்.

2. ரெகுலேட்டர்: ஆடலோட்டத்தைப் பெட்டரி ஏற்றுக்கொள்ளாது, அதற்கு ஒரே திசையில் ஓடும் நேரோட்டம் வேண்டும். சிறகு சிறகாக அலுமினிய உடல் கொண்ட இந்தப் பெட்டி இரண்டு வேலை செய்கிறது. ஓட்டத்தை ஒரே திசைக்குத் திருப்பும். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அழுத்தம் 14.5 வோல்ட் அளவைத் தாண்டாமல் பிடித்து வைக்கும்.

3. பெட்டரி: ஆறு அறைகள், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். முழுதாக நிரம்பினால் 12.6. எஞ்சின் ஓடாதபோதும், ஸ்டார்ட் பண்ணும் அந்த ஓரிரு விநாடிகளிலும் இதுதான் கொடுக்கிறது.

4. பிரதான பியூஸ், சாவி சுவிச், பிறகு லைட், ஹோர்ன், சிக்னல், தீப்பொறி. எல்லாவற்றிலிருந்தும் மின்சாரம் பைக்கின் இரும்புச் சட்டம் வழியாகவே பெட்டரிக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பும் வழிதான் எர்த்.

ஸ்டார்ட்டர் மோட்டார் இந்தப் பட்டியலில் இல்லை. அது பத்துக்கணக்கான அம்பியர் இழுக்கும். அதற்குத் தடித்த வயர் ஒன்று ரிலே வழியாக நேரே பெட்டரியிலிருந்து போகும், பியூஸைத் தொடாது. ரிலே என்பது சின்ன ஓட்டத்தால் பெரிய ஓட்டத்தைத் திறந்து மூடும் சுவிச். பட்டனை அமத்தியதும் "டக்" என்று கேட்பது அதுதான். "டக்" கேட்டும் எஞ்சின் சுற்றவில்லை என்றால் பியூஸைத் தேடிப் பயனில்லை. பெட்டரியையும் அதன் முனை ஆணிகளையும் பார்க்க வேண்டும்.

ரெகுலேட்டர் பற்றி ஒரு வார்த்தை. கார் ஆல்டர்னேட்டரில் காந்தத்தின் பலத்தையே கூட்டிக் குறைக்கலாம். பைக்கில் இருப்பது நிலைக்காந்தம், அதைக் குறைக்க வழி கிடையாது. ஆகவே பல ரெகுலேட்டர்கள் மிச்ச மின்சாரத்தைக் கொயிலுக்கே திருப்பி விட்டு வீணாக்குகின்றன. அந்த உடலில் சிறகுகள் இருப்பதும் அது கை வைக்க முடியாமல் சுடுவதும் அதனால்தான். அதன் மேல் மழைக்கோட்டைச் சுருட்டி வைப்பதும், சீட்டுக்கு அடியில் காற்றுப் படாத மூலைக்கு அதை இடம் மாற்றுவதும் அதன் ஆயுளைக் குறைக்கும் வேலைகள். இந்த வகை ரெகுலேட்டர் உள்ள பைக்கில் ஹெட்லைட்டை அணைத்து வைத்தால் கொயிலுக்கு ஓய்வு கிடைக்கும் என்று நினைப்பதும் பிழை. லைட் எடுக்காத மின்சாரத்தை ரெகுலேட்டர் கொயிலுக்குள்ளேயே சுற்ற விடுகிறது.

பொரளைச் சந்தியில் வரவும் செலவும்

மெக்னட் கொயிலின் வரவு எஞ்சின் சுற்றும் வேகத்தைப் பொறுத்தது. சிக்னலில் நிமிடத்துக்கு 1,300, 1,400 சுற்றில் முனகிக்கொண்டு நிற்கும்போது வரவு குறைவு. செலவோ அங்கேதான் கூடுகிறது.

ஒரு 150 சிசி பைக்கை எடுத்துக்கொள்வோம். ஹெட்லைட் 35 வாட், பின் லைட் 5, பிரேக் லைட் 21. ஒரு பக்கச் சிக்னல் பல்ப் இரண்டும் சேர்த்து 20, அவை பாதி நேரம்தான் எரிவதால் 10 என்று வைக்கலாம். தீப்பொறிக்கும் மீற்றருக்கும் 20 என்போம். மொத்தம் 91. இனி ஹேண்டிலில் போன் சார்ஜர், 12 வாட். புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் வாங்கிய சோடி எல்ஈடி லைட், 40 வாட். கூட்டினால் 143.

நின்ற நிலையில் கொயில் 60 வாட் தருகிறது என்று வைத்துக்கொண்டால் பற்றாக்குறை 83 வாட். அதைப் பெட்டரி கட்ட வேண்டும், கிட்டத்தட்ட 7 அம்பியர். பத்து நிமிடம் அப்படி நின்றால் 1.1 அம்பியர்-மணிக்குக் கொஞ்சம் மேலே (ஒரு அம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு அம்பியர்-மணி). இப்படியான பைக்கின் பெட்டரி 5 அம்பியர்-மணி அளவில் இருந்தால், சேமிப்பில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் அந்த ஒரு நெரிசலில் போய்விட்டது. பிறகு நெரிசலில்லாத வீதியில் அரைமணி நேரம் ஓடினால் திரும்பி வந்துவிடும். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு மாலை ஆறு மணிக்குப் போகிறவருக்கு அந்த நெரிசலில்லாத வீதி எங்கே?

சாப்பாடு விநியோகிக்கும் இளைஞர்களின் பைக்குகளில் பெட்டரி சீக்கிரம் போவதற்கு இந்தக் கணக்கே போதுமான விளக்கம். நாள் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டம், ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி மறுபடி செல்ஃப், போன் ஓயாமல் சார்ஜில். தரமில்லாத பெட்டரி என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இதைக் கூட்டிப் பார்ப்பது நியாயம். சிக்னலில் நிற்கும்போது பிரேக்கை அமத்திக்கொண்டே இருப்பதை விட்டாலே 21 வாட் மிச்சம், ஆனால் பின்னால் பஸ் வரும் வீதியில் அந்த யோசனையை யாருக்கும் சொல்ல முடியாது.

சாவியை எடுத்த பிறகும் செலவு உண்டு. களவுக்குப் பயந்து மாட்டிய ஜிபிஎஸ் கருவி 50 மில்லி அம்பியர் இழுத்தால், ஒரு நாளைக்கு 1.2 அம்பியர்-மணி. 5 அம்பியர்-மணி பெட்டரி நான்கே நாளில் வெறுமையாகிவிடும். ஈயப் பெட்டரி வெறுமையாகக் கிடந்தால் தகடுகளில் சல்பேற்று இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது. 2022 ஓகஸ்டில் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை தொடங்கியபோது பைக்குக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். அதற்கு முந்திய மாதங்களில் அதுவும் நிச்சயமில்லை. வாரக்கணக்கில் நின்ற பைக்குகளின் பெட்டரிகள் ஓடித் தேயவில்லை, நின்றே தேய்ந்தன.

பியூஸ் யாருக்குக் காவல்?

பல்புக்கு என்பது பொதுவான நம்பிக்கை. பியூஸ் காப்பது வயரை. பல்ப் போனால் சில நூறு ரூபாய். வயர்க்கட்டு எரிந்தால் அது பெற்றோல் டாங்கின் அடியில் எரிகிறது.

பியூஸ் என்பது வேண்டுமென்றே மெலிதாக வைத்த ஒரு துண்டு உலோகம். பாதையில் எங்கே உருக வேண்டும் என்று பைக்கை வடிவமைத்தவர் முன்கூட்டியே தெரிந்தெடுத்த இடம். தமிழில் உருகி என்ற பெயர் அதைச் சரியாகவே சொல்கிறது. தட்டைப் பியூஸ்களின் நிறம் அளவைச் சொல்லும்: 7.5 அம்பியர் மண்ணிறம், 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. அளவைத் தாண்டிய உடனேயே அது அறுந்துவிடுவதும் இல்லை. பத்து சதவீதம் கூடினால் நாள்கணக்கில் தாங்கும், இரண்டு மடங்கானால் சில விநாடிகளில் போகும். பியூஸ் ஒன்று கண் முன்னே "பட்" என்று போகிறது என்றால் அங்கே ஓடுவது பல மடங்கு. அது ஷோர்ட், மின்சாரம் லைட்டையோ ஹோர்னையோ தொடாமல் குறுக்கு வழியில் நேரே எர்த்துக்குப் பாய்கிறது.

இப்போது அந்த ஒன்பது மடங்குக்கு வருவோம். அரைச் சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள செம்பு வயரை எடுங்கள், லைட்டுக்குப் போகும் மெல்லிய வயர். ஒரு மீற்றருக்கு அதன் தடை 0.035 ஓம் அளவு. 10 அம்பியர் ஓடினால் அந்த ஒரு மீற்றரில் பிறக்கும் சூடு 3.5 வாட், கையில் இளஞ்சூடாகத் தெரியும். 10க்குப் பதில் 30 அம்பியர் பியூஸைப் போட்டுவிட்டு எங்கோ ஷோர்ட் ஆகி 30 அம்பியர் ஓடினால் 31 வாட்டுக்கு மேல். சின்ன சோல்டரிங் அயன் ஒன்றின் சூடு அது. அந்த அயனை பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டி, டாங்குக்குக் கீழே வைத்த மாதிரிதான். பியூஸ் மட்டும் முழுசாக இருக்கும்.

சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளும் முறுக்கிய செம்பு நாரும் இன்னும் மோசம். 30 அம்பியர் பியூஸாவது 30 தாண்டினால் போகும், வெள்ளித்தாள் எதில் போகும் என்று அதற்கே தெரியாது. இரவு பதினொரு மணிக்கு மழையில் நடுவழியில் நிற்பவர் அதைச் செய்வதை நான் குறை சொல்லமாட்டேன். விடிந்த பிறகும் அதோடு ஓடுவதைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை.

போன பியூஸை எறிந்துவிடக் கூடாது. அது எப்படிப் போனது என்பதில் பாதி விடை இருக்கிறது.

1. நடுவில் சுத்தமாக உருகி அறுந்திருந்தால்: அளவைக் கொஞ்சம் தாண்டிய சுமை வெகுநேரம் ஓடியிருக்கிறது. மேலதிக லைட், பெரிய ஹோர்ன் போன்றவற்றைச் சந்தேகிக்கலாம்.

2. உள்ளே கறுத்து, உலோகம் தெறித்திருந்தால்: ஷோர்ட். எங்கோ வயரின் தோல் உரிந்து சட்டத்தில் படுகிறது.

3. உலோகத் துண்டு முழுசாக இருந்து, பியூஸின் கால்களும் அது செருகும் கூடும் உருகியிருந்தால்: ஓட்டத்தின் மேல் குற்றமில்லை. கூட்டின் பிடி தளர்ந்து, அல்லது துருப்பிடித்து, தொடுமிடத்தில் சூடேறியிருக்கிறது. இதற்குப் பியூஸ் எத்தனை மாற்றினாலும் தீராது. கூட்டையே மாற்ற வேண்டும்.

மேலதிகமாக ஏதாவது மாட்டத்தான் வேண்டும் என்றால் ஹெட்லைட் வயரைச் சுரண்டி அதில் முறுக்காமல், பெட்டரியிலிருந்து தனி வயர், அதற்கெனத் தனிப் பியூஸ், ஒரு ரிலே. 40 வாட்டுக்கு ஓடுவது மூன்றரை அம்பியருக்கும் குறைவு, 5 அம்பியர் பியூஸ் போதும். பியூஸ் பெட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், லைட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் இடையிலுள்ள வயருக்குக் காவல் இல்லை.

உப்புக் காற்றும் ஆமர் வீதி வெள்ளமும்

மின்சாரப் பழுதில் எனக்கு எப்போதும் முதல் சந்தேகம் வயர்கள் ஒன்றோடொன்று செருகும் கனெக்டர்களில். கொழும்பு கடலோர நகரம். மரைன் டிரைவ் ஓரத்து அடுக்குமாடிகளின் கீழே இரவெல்லாம் நிற்கும் பைக்கில் உப்பு ஈரம் படிகிறது. செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. வயரின் தோலைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தால் செம்பு நிறத்துக்குப் பதில் கறுப்பாக இருக்கும், களிம்பு உள்ளேயும் ஊர்ந்திருக்கும். தென்மேற்குப் பருவமழையில் ஆமர் வீதி மாதிரி இடங்களில் தேங்கும் தண்ணீருக்குள் ஓட்டினால், சின்ன பைக்குகளில் தாழ்வாக இருக்கும் கனெக்டர்கள் அழுக்கு நீரில் குளிக்கின்றன.

களிம்பு என்றால் தடை. 0.1 ஓம் அற்பமாகத் தெரியும். அதன் வழியே 5 அம்பியர் ஓடினால் அரை வோல்ட் அங்கேயே தொலைகிறது. ரெகுலேட்டர் 14 தருகிறது, பெட்டரிக்கு 13.5தான் போய்ச் சேருகிறது. தொலைந்த அரை வோல்ட் கனெக்டரைச் சுட்டு, அந்தச் சூடு களிம்பை மேலும் கூட்டுகிறது. பிளாஸ்டிக் பழுத்து மண்ணிறமான கனெக்டரைக் கண்டால் காரணம் இதுதான்.

எர்த் பாதையிலும் இதே கதை. இடது சிக்னல் போட்டால் ஹெட்லைட் சேர்ந்து மினுக்குவது, ஹோர்ன் அடித்தால் மீற்றர் லைட் மங்குவது போன்ற பேய்வேலைகளுக்குப் பெரும்பாலும் சட்டத்தில் எர்த் வயர் பூட்டிய ஆணியின் துருதான் காரணம். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிறீஸ் கொஞ்சம் பூசினால் பத்து நிமிட வேலை.

வயர் அறும் இடம் என்றால் ஹேண்டிலின் கழுத்து. நெரிசலில் ஹேண்டிலை அந்தத்துக்கு அந்தம் திருப்பித் திருப்பித்தான் நகர்கிறோம். வெளியே தோல் நன்றாக இருக்க உள்ளே நார் நாராக அறுந்திருக்கும். வலது பக்கம் முழுதாகத் திருப்பினால் எஞ்சின் நிற்கிறது, நேராக்கினால் ஓடுகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். ஒட்டிய இடத்துக்கு இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் நம் வெயிலில் பசை இளகி வழுக்கிவிடும், சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்தான் நிற்கும்.

மீற்றரில் மூன்று வாசிப்பு

பாகம் எதையும் வாங்குவதற்கு முன் சாதாரண மல்டிமீற்றர் ஒன்றை 20 வோல்ட் நேரோட்ட நிலையில் வைத்து, பெட்டரியின் இரு முனைகளில் பிடியுங்கள்.

1. இரவு முழுக்க நிறுத்தி வைத்த பிறகு, சாவி போடாமல்: 12.6, 12.7 என்றால் நிரம்பியிருக்கிறது. 12.4 என்றால் முக்கால்வாசி. 12.0 அல்லது அதற்குக் கீழே என்றால் வெறுமை, முதலில் வெளியே எடுத்துச் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் அடுத்த சோதனை.

2. செல்ஃப் அமத்தும்போது: 10 வோல்ட் அளவுக்கு இறங்குவது சரி. 12.6 காட்டிய பெட்டரி அமத்தியதும் 8க்கு விழுந்தால், அதன் கொள்ளளவு போய்விட்டது. மூன்று வாசிப்பில் இந்த ஒன்றுதான் பெட்டரியைக் குற்றவாளி என்கிறது.

3. எஞ்சினை 4,000, 5,000 சுற்றில் பிடித்து: 13.5க்கும் 14.8க்கும் இடையில் இருக்க வேண்டும். 12.5லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை, கொயில், ரெகுலேட்டர், இடையிலுள்ள கனெக்டர் ஆகிய மூன்றில் ஒன்று. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பிடியை விட்டுவிட்டது. பல்ப்கள் அடிக்கடி போவதும், பெட்டரித் தண்ணீர் வற்றி முட்டை அழுகிய நாற்றம் வருவதும் இதன் அடையாளங்கள்.

மூன்றாவது வாசிப்பு பிழையான பைக்கில் புது பெட்டரியைப் போட்டால் அதுவும் சில வாரங்களில் அதே வழியில் போகும்.

புதிய பைக்குகளில் மாறியது என்ன?

பழைய 100 சிசி பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட் பெட்டரியைத் தொடாமல் கொயிலிலிருந்தே நேராக எரிந்தது. முறுக்கினால் பிரகாசம், நின்றால் மங்கல். தீப்பொறிக்கும் தனிச் சுருள் இருந்தது. பெட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கிக்கரை உதைத்து ஓடியவர்கள் உண்டு. தள்ளி ஸ்டார்ட் பண்ணும் வித்தை அந்தக் காலத்துச் சொத்து.

2017 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் புதிய பைக்குகளின் ஹெட்லைட் எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று விதியானது. அந்த மாடல்களில் லைட் அணைக்கும் சுவிச்சே இல்லை. வரவு செலவுக் கணக்கில் 35 வாட் நிரந்தரச் செலவாகிவிட்டது. 2020க்குப் பிந்திய பல மாடல்களில் டாங்குக்குள் மின்சாரப் பம்ப், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர், இவற்றை ஆளும் சின்னக் கணினி என்று மூன்று புதிய வாய்கள். சாவியைப் போட்டதும் ஓரிரு விநாடி "ஊம்" என்று கேட்பது அந்தப் பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம். பெட்டரி முற்றாக இறந்திருந்தால் பம்ப் சுற்றாது, கணினி விழிக்காது, எத்தனை பேர் தள்ளினாலும் பெரும்பாலும் எஞ்சின் பிடிக்காது. பழைய பைக்கில் அரை வோல்ட் தொலைந்தால் லைட் மங்கும், இதில் ஸ்டார்ட்டே சந்தேகமாகிவிடலாம்.

கராஜ்களில் பழைய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பார்கள். எஞ்சின் நிற்காவிட்டால் "சார்ஜ் வருகுது" என்பார்கள். கார்புரேட்டர் பைக்கில் அது அநேகமாகப் பல்ப் ஒன்றோடு போய்விடும் விளையாட்டு. ஓடும்போது பெட்டரிதான் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதைக் கழற்றிய கணத்தில் அழுத்தம் சட்டென எகிறும், புதிய பைக்கில் அந்த அடி முழுவதும் கணினியில் விழலாம். பஞ்சிகாவத்தையில் பெட்டரி கிடைக்கும் விலையில் அந்தக் கணினி கிடைக்காது. மெக்கானிக் பாஸ் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பெட்டரி முனைக்குப் போனால், முதலில் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள்.